வெடிக் குழாய்க்குள் போன விலாசம்

மைதா பசை கொதிக்கிற வாசம்... பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் போடுவோம், அது விழுந்ததும் பசை இளம்பச்சையாக மாறும். மூக்குக்குள் ஒரு கசப்பு ஏறும். இன்றைக்கும் கண்ணை மூடினால் அந்த வாசம் வருகிறது.

நான் எழுதப் படிக்கத் தெரியாதவன். போனில் பேசுகிறேன், அது எழுதிக்கொள்கிறது. இதுவே எனக்கு ஆச்சரியம்தான். ஆனால் சொல்ல வந்தது இன்னொரு ஆச்சரியம்.

தாயில்பட்டியில் அப்போது எங்கள் தெருவுக்குப் பெயர் கிடையாது. வீட்டுக்கு எண்ணும் கிடையாது. மலேரியாவுக்கு மருந்தடிக்க வருகிறவர்கள் சுவரில் ஏதோ எழுதிவிட்டுப் போவார்கள், பொங்கலுக்கு வெள்ளையடித்தால் அதுவும் போய்விடும். அதனால் யார் விலாசம் கேட்டாலும் வேலை பார்க்கிற பட்டாசுக் கம்பெனியின் விலாசத்தைத்தான் கொடுப்போம். தபால் கம்பெனி கேட்டுக்கு வரும், வாட்ச்மேன் எங்களை ஏற்றி இறக்குகிற வேனில் கொடுத்துவிடுவார்.

என் மனைவி சண்முகத்தாய் பத்தாவது வரை படித்தவள். எங்கள் தெருவிலேயே அவள் ஒருத்திதான் அவ்வளவு படிப்பு. ஊருக்குப் பால்வாடி வரப்போகிறது, அதில் டீச்சர் வேலை என்று கேள்விப்பட்டு மனுப் போட்டிருந்தாள். தீபாவளி முடிந்து கம்பெனி பூட்டிக் கிடந்த நாட்களில் தினமும் கேட்பாள்.

"தவால் எதும் வந்துச்சா?"

"கம்பெனியே தொறக்கல, தவால் எங்கிட்டு வரும்?" என்பேன்.

கம்பெனி திறந்ததும் வெடிக்குக் குழாய் சுற்றுகிற வேலை வீட்டுக்கு வந்தது. கட்டுக் கட்டாகப் பழைய தாள் வரும். வேப்பமரத்தடியில் ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்து சுற்றுவார்கள். நான் வேன் வருவதற்கு முன்னால் பசை கிண்டிக் கொடுப்பேன். சண்முகத்தாய் கையில் கிடைக்கிற தாளை எல்லாம் சத்தமாக வாசித்துவிட்டுத்தான் சுற்றுவாள். மழை எப்படிப் பெய்கிறது என்று ஒரு பிள்ளை எழுதிய பதில் பாதி வரும். கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயர் இருக்கும், பெண் பெயர் கிழிந்து போயிருக்கும். பெண்களுக்கு அதுதான் ரேடியோ.

அன்றைக்கும் அப்படித்தான், அதே ராகத்தில் வாசித்தாள்.

"திருமதி சண்முகத்தாய்... கணவர் பெயர் மாடசாமி..."

எல்லோரும் கொல்லென்று சிரித்துவிட்டார்கள். புருஷன் பெயரைச் சொல்லாத காலம் அது.

"ஏளா, பட்டப்பகல்ல புருசன் பேரச் சொல்லிட்டாளே! வேப்பமரம் பட்டுப் போகப் போகுது!" என்று பக்கத்து வீட்டுப் பேச்சியம்மா மதினி தொடையில் தட்டினார்.

நானும் சிரித்தேன். சண்முகத்தாய் மட்டும் சிரிக்கவில்லை. அவள் கையில் இருந்தது பிரிக்காத அரசாங்கக் கவர்.

பூட்டிக் கிடந்த கம்பெனியில் தபால்கள் மேசையில் குவிந்திருக்கின்றன. திறந்த அன்று யாரோ மேசையைத் துடைத்து, பழைய தாளோடு சேர்த்துக் கட்டி விட்டார்கள். பிரித்தாள். இன்டர்வியூ தேதி போன வாரமே போயிருந்தது.

மறுநாள் இரண்டு பேரும் விருதுநகர் போனோம். ஆபீசில் இருந்தவர் கோபப்படவில்லை. "நீங்க குடுத்த அட்ரஸுக்குத்தானம்மா அனுப்புனோம்" என்றார். வேலைக்கு வேறொருத்தி வந்துவிட்டாள்.

 சண்முகத்தாய் வீட்டுக்கு வந்து முகம் கழுவினாள். பசையை இழுத்து வைத்து, அந்தக் கவரையும் ஒரு குழாயாகச் சுற்றிப் போட்டாள். எந்த ஊர்த் தீபாவளியில் வெடித்ததோ...

அதற்குப் பிறகு அவள் தாள்களை வாசிக்கவே இல்லை.

இந்த வருஷம் அவளுக்கு இரண்டு கண்ணிலும் புரை. பெரியாஸ்பத்திரியில், ஆபரேஷன் தேதியைத் தபாலில் அனுப்புவோம் என்றார்கள். எனக்கு அந்தப் பழைய கவர்தான் ஞாபகம் வந்தது.

"தேதி போட்டு லெட்டரா? வந்தாப்லதான்" என்றாள்.

விலாசத்தைச் சரிபார்க்க இ-சேவை மையத்துக்குப் போனோம். கம்ப்யூட்டரில் இருந்த பெண், "கணவர் பேரு என்ன பாட்டி?" என்று கேட்டாள். இவள் என் பக்கம் கையைக் காட்டி, "அவுககிட்டயே கேளு" என்றாள். அந்தப் பெண் தட்டினாள், திரையில் சிவப்பாக ஏதோ வந்தது. "என்னம்மா ஆச்சு?" என்று மேசைப் பக்கம் குனிந்தேன்.

"பயப்படாதீங்க தாத்தா. கார்டுல பழைய டோர் நம்பர் இருக்கு. சாப்ட்வேரே புது நம்பரு, தெருப் பேரு எல்லாம் கண்டுபிடிச்சுக் காட்டுது. இது பச்சையானாத்தான் ஆஸ்பத்திரில இருந்து லெட்டரே கெளம்பும்."

பச்சையானது. கூடவே படம் வந்தது பாருங்கள்... எங்கள் தெரு, எங்கள் ஓட்டு வீடு, வேப்பமரம்!

"யாரும்மா வந்து பாத்துட்டுப் போனாக?"

"யாரும் வரல தாத்தா. மேல இருந்து எடுத்த படம்."

"என்ன தெரியுது?" என்றாள் சண்முகத்தாய்.

"நம்ம வீடு!"

"கதவு சாத்தியிருக்கா பாருங்க."

மையமே சிரித்தது. எனக்கு மட்டும் உடம்பு சிலிர்த்துக்கொண்டே இருந்தது. இந்த இடத்துக்குப் போய்ச் சேருமா என்று, கிளம்பும் முன்னே ஒரு கடிதம் கேட்டுக்கொள்கிறது! அன்றைக்கு அப்படிக் கேட்க யார் இருந்தார்கள்?

தபால்காரர் நேராக வாசலுக்கே வந்தார். யாரிடமும் விசாரிக்கவில்லை. வாங்கிக்கொண்டு நின்றோம். அவளுக்குக் கண் தெரியாது, எனக்கு எழுத்துத் தெரியாது. அவரே தேதியை வாசித்துச் சொன்னார். அந்தத் தேதிக்குப் போய்ச் சேர்ந்தோம்.

கண் கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்ததும் அவள் தேடி எடுத்தது அந்த ஆஸ்பத்திரிக் கவரைத்தான். வெளிச்சத்துக்குப் போய் நின்று, அந்தப் பழைய ராகத்திலேயே வாசித்தாள்.

"சண்முகத்தாய்... கணவர் பெயர் மாடசாமி... புதிய எண் பதினாலு, ஓடைத் தெரு, தாயில்பட்டி."

அவள் வாயால் என் பெயரைக் கேட்டது இது இரண்டாவது தடவை.

"இன்னொருக்க வாசி" என்றேன்.

"ஆசதான்!" என்று கவரை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.