சேராத தோல் வார்

ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது எங்கள் பள்ளிக்கு ஒரு நர்ஸம்மா வந்தார். எடை பார்க்கும் மெஷின் எதுவும் கொண்டுவரவில்லை. ஒரு நூல்கண்டும் கத்தரிக்கோலும்தான் கையில் இருந்தன. ஒவ்வொருத்தியையும் சுவரோரம் நிறுத்தி, உச்சந்தலை முதல் குதிகால்வரை நூல் பிடித்து வெட்டுவார். அதை இரண்டாக மடித்து அவளுடைய இடுப்பைச் சுற்றிப் பார்ப்பார். முனைகள் தொட்டுக்கொண்டால் நல்லது. தொடவில்லையென்றால் வயிற்றில் சதை போடுகிறது.

"இடுப்பு உயரத்துல பாதியத் தாண்டக் கூடாது. அவ்ளோதான் கணக்கு" என்றார்.

எனக்கு ஒரு விரல் அகலம் தாண்டியிருந்தது.

"பயப்பட ஒண்ணும் இல்ல. பப்ஸ், கூல்டிரிங்ஸ் கம்மி பண்ணு. சாயங்காலம் ஓடியாடி விளையாடு. மறுபடி வந்து பாக்கறேன்" என்றார். நல்ல மனுஷி, தன்மையாகத்தான் சொன்னார். ஆனால் பின்னால் வரிசையில் நின்றவள் சும்மா இருக்கவில்லை. "அவங்க அப்பா தோல் ஷாப்புல வேல செய்றாரு இல்ல, ஜாஸ்தியா இருக்கற தோலெல்லாம் வீட்டுக்கே எடுத்துனு வந்துட்டாரு போல" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்து வைத்தேன்.

அந்த நூலைக் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். தினமும் நானே அளந்து பார்ப்பதாகத் திட்டம். நூல் என்றால் அறுந்துவிடுமே என்று யோசித்தேன். அப்பா, தோல் பதனிடும் அந்த ஷாப்பிலிருந்து கழிவுத் துண்டுகள் கொண்டுவந்து போடுவார். பதம் போடாத பச்சைத் தோல், கட்டில் காலைக் கட்ட, துடைப்பத்தை இறுக்க என்று எதற்காவது ஆகும். ஈரமாய் இருந்த ஒரு துண்டில், மடித்த நூலின் நீளத்துக்கு ஒரு வார் அறுத்து எடுத்தேன். நூலைத் தங்கை எடுத்துப்போய் பொம்மைக்குச் சடை போட்டுத் தொலைத்தாள். போகட்டும், அதான் வார் இருக்கிறதே என்று விட்டுவிட்டேன்.

அம்மா ஷூ கம்பெனிக்குப் போன பிறகு அளப்பேன். அளந்து முடித்ததும் தகரக் கூரைக்கும் மரச்சட்டத்துக்கும் நடுவே வாரைச் செருகி வைத்துவிடுவேன். அது மழைக்காலம். தகர இடுக்கு வழியாகத் தண்ணீர் அதன்மேல் சொட்டும். வெயில் அடித்தால் தகரம் கொதிக்கும்.

முதலில் பப்ஸை விட்டேன். பிறகு ராத்திரிச் சோற்றை. ஆனாலும் வார் சேரவில்லை. ஒரு விரல் இடைவெளி இரண்டு விரல் ஆயிற்று. சரி, வெள்ளிக்கிழமை பாயசம் குடித்ததன் பலன் என்று நினைத்துக் காலை இட்லியையும் விட்டேன். இடைவெளி மூன்று விரல் ஆனது.

அதைவிட ஒன்று என்னை உலுக்கியது. அதற்கு நல்ல நாள், கெட்ட நாள் இருந்தது. மழை பெய்த மறுநாள் எடுத்தால் வார் மெத்தென்று இருக்கும், முனைகள் கொஞ்சம் நெருங்கி வரும். இரண்டு நாள் வெயில் காய்ந்தால் விறைத்து, வளைந்து, கையில் எடுக்கும்போதே திமிறும். அதன் ஒரு ஓரத்தில் ஆட்டு ரோமம் குட்டையாய் ஒட்டியிருந்தது. அது என்னைப் பார்த்து மூச்சை அடக்கிக்கொள்கிறது என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்குப் பட்டப்பகலிலேயே பேய் தெரிந்தது. பள்ளியில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போது, வீட்டுக் கூரையில் அது சத்தமில்லாமல் நெளிவது எனக்குத் தெரியும். செத்த ஆடு ஒன்று என்மேல் கோபமாக இருக்கிறது என்று முழுமனதாக நம்பினேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மந்திரிக்கக் கூட்டிப்போவார்கள், அப்போது வாரையும் பிடுங்கிவிடுவார்கள். எவ்வளவு பயந்தேனோ அவ்வளவுக்கு அது எனக்கு வேண்டியிருந்தது.

முடி கொத்துக் கொத்தாய்ச் சீப்பில் வந்தது. பாவாடை நழுவியது, ஊக்கு குத்திக்கொண்டேன். பாவாடை நழுவுகிறதே, இடுப்பு குறைந்திருக்க வேண்டுமே என்று ஒரு நாள்கூட எனக்கு உறைக்கவில்லை. துணி தளர்ந்துவிட்டது, தோல் பொய் சொல்லாது என்று நினைத்தேன்.

"இன்னாடி, பேயடிச்ச மாதிரி இருக்க? கம்பெனியில எல்லாரும் கேக்கறாங்க" என்றாள் அம்மா.

"எக்ஸாம் வருதுமா" என்றேன்.

நர்ஸம்மா மறுபடி வந்த நாளில் வாரை ஜியாமெட்ரி பாக்ஸில் சுருட்டி எடுத்துப்போனேன். என்னைச் சுவரோரம் நிறுத்தினார். நூல் வெட்டினார், மடித்தார், சுற்றினார். முனைகள் தொட்டுக்கொண்டு, ஒன்றன்மேல் ஒன்று ஏறி, அரைச் சாண் மிஞ்சித் தொங்கியது. அவர் முகம் மாறிவிட்டது. என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். கண்ணிமையை இறக்கிப் பார்த்தார்.

"சாப்பிடறியாம்மா?"

"இல்ல சிஸ்டர், எனக்கு இன்னும் சேரல. நீங்க தப்பா அளக்கறீங்க" என்று வாரை எடுத்து நீட்டினேன். அழுகை வந்துவிட்டது.

அவர் அதைத் தொட்டுப் பார்த்தார். பிறகு என் காலடியில் ஒரு முனையை வைத்து, சுவரில் மேல்நோக்கி இருமுறை அளந்தார். இரண்டு அளவும் சேர்ந்தால் என் உச்சந்தலைக்கு வரவேண்டும். விரலை எங்கே நிறுத்தினார் என்று திரும்பிப் பார்த்தேன். என் அக்குளுக்கு நேராக நின்றது.

பச்சைத் தோல் காயக் காயச் சுருங்கும். தோல் ஊரில் பிறந்த எனக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த வாரின் கணக்குப்படி நான் நெஞ்சுயரம் உள்ள ஒரு குழந்தை. இத்தனை நாளும் அந்தக் குழந்தையின் இடுப்புக்காகத்தான் பட்டினி கிடந்திருக்கிறேன். சுவரில் அந்த விரல் நின்ற இடத்தைப் பார்க்கவே எனக்கு உடம்பு கூசியது.

அம்மாவைக் கம்பெனியிலிருந்து வரவழைத்தார்கள். டாக்டரிடம் காட்டினோம். திரும்பி வரும் வழியெல்லாம் அம்மா என்னைத் திட்டினாள், நடுநடுவே அழுதாள். வீட்டுக்கு வந்ததும் வாரை அடுப்பில் போட்டாள். முடி பொசுங்கும் நாற்றம் வீடு முழுக்க அடித்தது. தட்டில் ரசம் சோறு போட்டுப் பிசைந்து என் முன்னால் வைத்தாள். எனக்குக் கை போகவில்லை. தப்பு வாரில் என்று புத்திக்குத் தெரிந்துவிட்டது, வயிற்றுக்குத்தான் தெரியவில்லை.

அப்போது இரண்டாம் வகுப்புப் படிக்கும் தங்கை, ஸ்டூல்மேல் ஏறிக் கூரைச் சட்டத்தில் கைவிட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, வாரக் காணோம்."

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

"நீ வெக்கறத பாத்தேன். நானும் தெனம் கட்டிப் பாப்பேன். முன்னாடி எனக்கு லூசா இருந்துச்சிக்கா. அப்புறம் கரெக்டா இருந்துச்சி. இப்போ முடிச்சு போடவே எட்டல" என்றாள். பிறகு, அம்மாவுக்குக் கேட்காமல் என் காதருகே வந்தாள். "நானும் குண்டாய்ட்டேன். அதான் ஸ்கூல்ல குடுக்கற முட்டைய சாப்பிடறதே இல்ல. பக்கத்துல உக்கார்றவளுக்குக் குடுத்துடறேன்."

அவள் கையைப் பிடித்துப் பார்த்தேன். கண்ணாடி வளையல் முழங்கைவரை தடையில்லாமல் ஏறியது. இத்தனை நாள் ஒரே பாயில் பக்கத்தில் படுத்திருந்திருக்கிறேன்.

அவளை எதிரில் உட்காரவைத்து, தட்டை எங்கள் இருவருக்கும் நடுவே இழுத்தேன். அவள் கையை நீட்டவில்லை. நான் சாப்பிடுகிறேனா என்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பசி இல்லை. அவள் பார்க்கப் பார்க்க ஒரு கவளம் எடுத்து விழுங்கினேன். இன்னொன்றும் விழுங்கினேன். பிறகுதான் அவள் கை தட்டுக்கு வந்தது.