மீன் வண்டியின் சிவப்பு சீட்

போன வாரம் கைப்பேசியில் ஒரு காணொளி தானாக வந்து விழுந்தது. பழைய ஸ்கூட்டர் ஒன்றை ஒருவன் வீட்டிலேயே புதுசாக்குகிறான். மொத்தம் பன்னிரண்டு நிமிடம். கையில் வெள்ளை உறை; கடைசி வரைக்கும் அது வெள்ளையாகவே இருக்கிறது. நட்டைத் திருகுகிறான், கழன்று வருகிறது. மூடியைத் திறக்கிறான், உள்ளே கொஞ்சம் தூசி. பிரஷ்ஷால் இரண்டு தட்டுத் தட்டுகிறான், போய்விடுகிறது. அவன் சீட்டைத் தூக்கியபோது நான் என்னையறியாமல் மூக்கைப் பொத்திக்கொண்டேன். அங்கேயும் சுத்தம். தூ, பொய் சொல்லவும் ஒரு அளவு வேண்டாமா!

"தனியா உக்காந்து யாரத் துப்புறீங்க?" என்று சமையலறையிலிருந்து மனைவி கேட்டாள். காரணத்தைச் சொன்னால் அவளுக்கு மதியச் சாப்பாடு இறங்காது. உங்களுக்குச் சொல்கிறேன். நீங்கள் சாப்பிட்டுவிட்டு வாசியுங்கள்.

பதினைந்து வருடம் இருக்கும். அப்போது பழைய கிள்ளான் சாலைப் பக்கம் ஒரு மலிவு விலை அடுக்குமாடியில், எட்டாவது மாடியில் இருந்தோம். அம்மா, நான், தங்கை மாலா. எனக்கு ஷா ஆலாமில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் பார்த்துக்கொள்ளும் வேலை. பார்த்துக்கொள்வது என்றால், அது நின்றுபோனால் டெக்னீஷியனைக் கூப்பிடுவது. ஆனால் வீட்டில் நான்தான் மெக்கானிக். ஒரு முறை மின்விசிறிக்கு எண்ணெய் விட்டு அது மறுபடி சுற்றிய நாளிலிருந்து அந்தப் பட்டம் எனக்கு ஒட்டிக்கொண்டது. நானும் அதை நம்பிவிட்டேன், அதுதான் கேடு.

மாலாவுக்கு அப்போதுதான் பிரிக்பீல்ட்ஸில் ஒரு புடவைக் கடையில் வேலை கிடைத்திருந்தது. சின்ன வயதிலிருந்தே அவளுக்கு நிறத்தில் அப்படியொரு கண். எதிர்வீட்டு ஆன்ட்டி கொடியில் காயப்போட்ட புடவையைப் பார்த்தே, "இதுக்கு அரக்கு பிளவுஸ் போட்டா நல்லா இருக்கும் ஆன்ட்டி" என்பாள். மற்றபடி அவளிடம் நிதானம் என்பதே கிடையாது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பையை ஒரு மூலையில் எறிந்துவிட்டு, பார்க்காமல் கொள்ளாமல் எங்கேயாவது தொப்பென்று உட்காருவாள். பூனை மேல் உட்கார்ந்திருக்கிறாள். அப்பளத்தட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறாள். "பாத்து உக்காருடி!" என்று அம்மா கத்தாத நாளே இல்லை.

கடையில் முதலில் அவளைச் சாதாரணப் புடவைகளிடம் நிறுத்தியிருந்தார்கள். தீபாவளிக்குள் பட்டுப் பிரிவில் விடுவதாக முதலாளியம்மா சொல்லியிருந்தார். மாலாவுக்கு அது ஒன்றுதான் கனவு. ஆனால் பஸ் இருக்கிறதே, இருபது நிமிடத் தூரத்துக்கு ஒன்றரை மணி நேரம். "அண்ணே, எனக்கு ஒரு சின்ன ஸ்கூட்டர் பாத்துக் குடுண்ணே. வேர்த்து விறுவிறுத்துப் போயி பட்டுல கை வைக்க முடியாது லா," என்றாள். அதற்கு முன் அவள் என்னிடம் ஒரு மிட்டாய்க்குமேல் எதுவும் கேட்டதில்லை.

கிள்ளான் பாசாரில், அதாவது மீன் சந்தையில், ஆறுமுகம் என்று ஒரு மீன்கார அண்ணன் வேன் வாங்கிவிட்டதால் தன் ஸ்கூட்டரைத் தள்ளிவிடப் பார்க்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். எட்டு வருடம் அந்த ஸ்கூட்டரில்தான் மீன் கூடையை ஏற்றியிருக்கிறார். பாகம் பாகமாகத் துரு. ஆனால் எஞ்சின் ஒரே உதையில் பிடித்தது. மனுஷர் நேர்மையானவர், இன்றைக்கும் சொல்வேன். சாவியைக் கையில் கொடுக்கும்போதே சொன்னார்: "எஞ்சின் பாகுஸ், ரொம்ப நல்லா இருக்கு தம்பி. அதுல கை வைக்காத. சீட்ட மட்டும் கழட்டித் தூரப் போட்டுடு. பஞ்சு பூரா மீன் தண்ணி."

கேட்டேனா? நான்தான் மெக்கானிக் ஆயிற்றே! ஃபெடரல் நெடுஞ்சாலையில் வரும்போது காற்று முன்னாலிருந்து அடித்தது, நாற்றம் எல்லாம் பின்னால் வந்தவர்களுக்கு. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. லிஃப்டில் ஏற்றிக் கதவு மூடியதும்தான் தெரிந்தது. கூட ஏறிய மலாய்க்கார அம்மா, நாங்கள் மக்சிக் என்போம், முந்தானைபோலத் தொங்கிய தன் தூடோங் முக்காட்டின் ஓரத்தை இழுத்து மூக்கை மூடிக்கொண்டு மூன்றாவது மாடியிலேயே இறங்கிவிட்டார். அவர் வீடு ஏழாவது மாடி.

மூன்று ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசல் நடைபாதையில் வேலை. கண்றாவி, எதைச் சொல்வது? காற்று வடிகட்டியின் மூடியைக் கழற்றினால் உள்ளே எலிக்கூடு. வெறும் கூடில்லை, குட்டிகளோடு. அவையும் எப்போதோ செத்துக் காய்ந்து பஞ்சோடு ஒட்டிக்கிடந்தன. பெல்ட் இருக்கும் பக்கத்து மூடியைத் திறந்ததும் கரப்பான் பூச்சிகள் என் முழங்கைவரைக்கும் ஏறின. அடியில் ஒட்டியிருந்த கறுப்புப் பிசினை ஸ்குரூட்ரைவரால் சுரண்டினால் அதற்குள் மீன் செதில். கார்ப்புரேட்டரை அம்மாவின் பால் சட்டியில் பெட்ரோல் ஊற்றிக் கழுவினேன். அம்மா அந்தச் சட்டியை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டுபோய்க் குப்பைத்தொட்டியில் போட்டார். அந்த மூன்று வாரமும் அம்மா எட்ட நின்றுதான் என் தட்டில் சோறு போட்டார். நகக்கண்ணில் கறுப்பு, விரலில் அந்த வாடை. ரசம் சோறுகூடக் கருவாட்டுக் குழம்பாக மாறும்.

இதில் சாம்பிராணிக் கதை வேறு. வெள்ளிக்கிழமை அம்மா வீடு முழுக்கச் சாம்பிராணி காட்டினார். எனக்குள் ஒரு விஞ்ஞானி விழித்துக்கொண்டான். வீட்டு வாடையைப் போக்குவது வண்டி வாடையைப் போக்காதா? தணலோடு தூபக்காலை வாங்கி, சீட்டைத் தூக்கி, அடியில் சாமான் வைக்கும் குழிக்குள் இறக்கி, மேலே மூடியும் வைத்தேன். அதே குழியை ஒட்டி, ஒரு சாண் தள்ளி, பெட்ரோல் டாங்கி. எல்லா வண்டிக்கும் அப்படித்தான், எனக்குத் தெரியாததில்லை. பக்திதான் கண்ணை மறைத்துவிட்டது. "ஐயோ முருகா, கட்டையில போறவனே, எட்டு மாடியையும் கொளுத்தப் போறியா!" என்று அம்மா ஓடிவந்து தூபக்காலைப் பிடுங்கினார். பத்துமலையான் காப்பாற்றினான். பிளாஸ்டிக் குழி மட்டும் ஓரத்தில் உருகியது. அன்று முதல் வண்டியில் மூன்று வாடை: மீன், சாம்பிராணி, கருகிய பிளாஸ்டிக்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் விசித்திரம். எனக்கு வாடையே தெரியாமல் போயிற்று. மூக்கைப்போல் நன்றிகெட்ட உறுப்பு கிடையாது. மூன்று வாரம் பழகினால் எதற்கும் தலையாட்டும். போதாக்குறைக்குக் காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. வாடை போய்விட்டது என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டு அலங்காரத்தில் இறங்கினேன். சக்கரத்துக்குப் பொன் நிற ரிம். அடியில் நீல விளக்கு. புலி உறுமுவதுபோல ஒரு எக்ஸோஸ் குழாய். கடைசியாக சீட்டுக்கு, வெள்ளைத் தையல் போட்ட சிவப்பு உறை.

பழைய உறையைப் பிரித்துப் பஞ்சை மாற்றுவது ஒரு மாலைப்பொழுது வேலை. நான் மாற்றவில்லை. வெடித்துக்கிடந்த பழைய உறைமேலேயே புதியதை இழுத்துப் போர்த்தி, சுற்றிலும் ஸ்டேப்பிள் அடித்தேன். என்ன அழகு! தள்ளி நின்று பார்த்தேன், கிட்ட வந்து பார்த்தேன், ஃபோட்டோ எடுத்தேன். அம்மா ஒரே ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஒய்யாரக் கொண்டையாம் தாழம்பூவாம், உள்ள இருப்பது ஈரும் பேனுமாம்," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். பெற்ற தாய்க்கே பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

சந்தனம், குங்குமம், சூடம், இரண்டு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். மாலா வந்தாள், வழக்கம்போலத் தொப்பென்று உட்கார்ந்தாள். "சூப்பர்ணே!" என்றாள். எலுமிச்சம்பழம் நசுங்க வண்டி கிளம்பியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, வெட்கம் கெட்டவனுக்கு.

அது மழைக்காலம். உங்களுக்குத்தான் தெரியுமே, நம் ஊரில் சாயங்காலம் நாலு மணியானால் வானம் பொத்துக்கொள்ளும். ஒரு நாள் காலை மாலா சீட்டின் மேல் ஒரு பிளாஸ்டிக் பையை விரித்து, ரப்பர் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். எனக்குச் சுருக்கென்றது. "இவ்ளோ அழகான சீட்ட எதுக்கு மூடுற? பாக்குறவங்க சிரிப்பாங்க!" என்று பிடுங்கிக் கசக்கி எறிந்தேன். அவள் என்னைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு, "சரிண்ணே," என்று ஏறிப் போய்விட்டாள்.

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, அம்மாவுக்குப் புடவை எடுக்க, சொல்லாமல் கொள்ளாமல் கடைக்குப் போனேன். என் தங்கை பட்டுப் பிரிவில் நிற்கும் அழகைப் பார்க்கவேண்டும் என்பதுதான் உண்மையான காரணம். பட்டுப் பிரிவில் அவள் இல்லை. சாதாரணப் பிரிவிலும் இல்லை. கேட்டதற்கு ஒரு பெண், இன்னொருத்தியைப் பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டு, "மாலாவா? மேல ஸ்டோர்ல இருக்காங்க," என்றாள்.

மேலே காற்றாடிகூட இல்லை. அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் மாலா காலி டப்பாக்களை மடக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். நின்றுகொண்டே. பக்கத்தில் ஒரு பையில் மாற்றுடை, துண்டு, முக்கால்வாசி தீர்ந்த சென்ட் பாட்டில்.

"இங்க என்ன பண்ற?"

"இங்கதான் வேலைண்ணே. ஒன்றரை மாசமா."

துருவித் துருவிக் கேட்டபிறகுதான் வாயைத் திறந்தாள். "மழ பெஞ்ச மறுநாள்தான்ணே. மேல காஞ்சுதான் இருக்கும். உக்காந்து கொஞ்ச தூரம் போனதும் தையல் வழியா தண்ணி ஊறி வருது." பையிலிருந்து சுடிதாரை எடுத்துக் காட்டினாள். பின்பக்கம் முழுக்கப் பழுப்பாக ஒரு கறை. முதல் தடவை அவளுக்கே தெரியாமல் அப்படியே வாடிக்கையாளர் முன்னால் நின்றிருக்கிறாள். ஒரு அம்மா புடவையை முகர்ந்து பார்த்துவிட்டுக் கீழே போட்டுவிட்டுப் போனார்களாம். மற்றப் பெண்கள் இவள் வாசலில் நுழைந்தாலே, "பாசார் வந்தாச்சு," என்பார்களாம். அந்த அம்மா போன மறுநாளே முதலாளியம்மா, "நீ மேலேயே இரும்மா," என்று சொல்லிவிட்டார்.

"ஏன்டி என்கிட்ட சொல்லல?"

"நீ அவ்ளோ ஆசையா செஞ்சியேண்ணே."

அந்த வார்த்தைக்குப் பதிலாக அவள் என்னை நாலு அறை அறைந்திருக்கலாம்.

அன்றைக்கே வண்டியை நான் ஓட்டிக்கொண்டு வந்தேன். நடைபாதையில் சீட்டைக் கழற்றிக் கவிழ்த்து, கத்தியால் என் அழகான சிவப்பு உறையைக் கீறினேன். அதற்கு அடியில் பழைய உறை. அதையும் கீறினேன். பஞ்சு மஞ்சளாகத்தான் இருக்கவேண்டும். இது சாக்கடைச் சேறு நிறத்தில் இருந்தது. அழுத்தினால் பழுப்புத் தண்ணீர் நுரைத்து வந்தது. உள்ளே செதில், இறால் மீசை, நடுவில் வெள்ளையாக நெளிந்துகொண்டிருந்தது ஒரு கூட்டம். நான் அதற்கு மேலேதான் வெள்ளைத் தையல் உறை போட்டு, தள்ளி நின்று ஃபோட்டோ எடுத்திருக்கிறேன். அதன் மேல்தான் என் தங்கையைத் தினமும் உட்காரவைத்திருக்கிறேன். குழாயடிக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். புழுவைப் பார்த்து மட்டும் வந்த வாந்தி இல்லை அது. சீ, என்ன மனுஷன் நான் என்று வந்தது.

மறுநாளே புதுப் பஞ்சு போட்டாகிவிட்டது. வாடையும் போனது, என் மூக்கை நம்பாமல் அந்த மக்சிக்கையே கூப்பிட்டு முகரச் சொன்னேன். ஆனால் கடையில் மாலாவைக் கீழே இறக்கவில்லை. ஒரு பெண்ணுக்கு நாற்றம் என்று ஒரு முறை பேர் வைத்துவிட்டால் எந்தச் சோப்புக்கும் போகாது. தீபாவளி முழுக்க அவள் மேலேயே நின்று டப்பா மடக்கினாள். தை பிறந்ததும் வேலையை விட்டாள். பட்டுப் பிரிவில் அவள் ஒரு நாள்கூட நிற்கவில்லை.

இப்போது எல்லாம் மாறிவிட்டது. அந்த ஸ்கூட்டரைப் பழைய இரும்புக்காரர் லோரியில் ஏற்றிப்போனார். புடவைக் கடை இருந்த இடத்தில் கைப்பேசிக் கடை. ஆறுமுகம் அண்ணனும் பாசாரில் இல்லை. நாங்கள் பூச்சோங் வந்துவிட்டோம். இங்கே லிஃப்டில் வண்டி ஏற்றினால் அபராதம். போகட்டும், அதில் எதற்கும் நான் வருந்தப் போவதில்லை. மாலா இப்போது ஒரு காப்புறுதி நிறுவனத்தில் அதிகாரி, சொந்தக் கார். என்னிடம் எந்தக் குறையும் அவள் சொன்னதில்லை. அதற்குப் பிறகு எதுவும் கேட்டதும் இல்லை.

போன தீபாவளிக்கு வந்திருந்தாள். நாங்கள் புது சோபா வாங்கியிருந்தோம். பேசிக்கொண்டே வந்தவள், உட்காரும் முன் உள்ளங்கையை சோபாவில் வைத்து ஒரு அழுத்து அழுத்தினாள். கையைத் திருப்பிப் பார்த்தாள். பிறகுதான் உட்கார்ந்தாள். எங்கே போனாலும் அப்படித்தான். கல்யாண மண்டப நாற்காலி, கோயில் படிக்கட்டு, தன் சொந்தக் காரின் சீட். அவளுக்கே அது தெரியாது என்று நினைக்கிறேன். எதிரில் இருந்த அம்மா அவள் கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், குனிந்து முறுக்குத் தட்டை நகர்த்தி வைத்தார்.

"பாத்து உக்காருடி" என்று அம்மா அவளிடம் சொல்லிப் பதினைந்து வருடமாகிறது.