மாரீஸ்வரி அக்கா வாங்கிய வைட்டமின் பவுடர்

"வாரத்துக்கு ஒண்ணுதான்" என்று மாரீஸ்வரி அக்காவிடம் நான் வாய்விட்டுச் சொன்னேனா? அல்லது டாக்டர் சீட்டில்தான் எழுதியிருக்கிறாரே என்று பாக்கெட்டுகளை மட்டும் எடுத்துக் கொடுத்துவிட்டேனா? எத்தனையோ முறை யோசித்துவிட்டேன். இன்றுவரை பதில் தெரியவில்லை.

நான் சிவகாசியில் ஒரு மெடிக்கல் கடையில் பார்மசிஸ்ட். டி.பார்ம் முடித்ததும் கல்யாணம், பிறகு ஒரு பையன். அவன் நடக்க ஆரம்பித்ததும் மறுபடி வேலைக்கு வந்தேன். இந்த வேலைக்குப் புதிதாக வரும் பெண்களுக்குப் பயன்படட்டும் என்று இதை எழுதுகிறேன்.

1. சனிக்கிழமை கூட்டம்

எங்கள் பக்கம் பட்டாசுக் கம்பெனிகளில் சனிக்கிழமை சம்பளம் போடுவார்கள். வாரம் முழுக்கப் பொறுத்துக்கொண்ட வலிக்கெல்லாம் அன்று சாயங்காலம்தான் மருந்து வாங்குவார்கள். கவுண்டரில் நாலைந்து கைகள் ஒரே நேரத்தில் சீட்டை நீட்டும்.

மாரீஸ்வரி அக்கா விஸ்வநத்தம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை செய்பவர். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். இடுப்பு வலி, முட்டி வலி என்று போனவருக்கு ரத்தம் எடுத்துப் பார்த்து, வைட்டமின் டி ரொம்பக் குறைவு என்று டாக்டர் பவுடர் எழுதிக் கொடுத்திருந்தார். பாலில் கலக்கிக் குடிக்கும் சின்னப் பாக்கெட். ஒரு பாக்கெட்டில் அறுபதாயிரம் யூனிட். வாரத்துக்கு ஒன்று, எட்டு வாரம். பாக்கெட் முழுக்க ஆங்கிலம்.

"ஏ தங்கச்சி, எனக்கு வெயில் சத்து பத்தலையாம். நம்ம ஊர்ல இல்லாத வெயிலா?" என்றார்.

பின்னால் நின்ற பெண், "ஒனக்குன்னு தனியா ஒரு சூரியன் வரணுமாக்கும்" என்றார். எல்லோரும் சிரித்தோம்.

காரணத்தை நான் சொன்னேன். விடியும் முன்னே வேன் ஏறி, சேலைக்கு மேலே முழுக்கைச் சட்டை போட்டு, தலையில் துணி கட்டி, நாள் முழுக்க ஷெட்டுக்குள் உட்கார்ந்திருப்பவர் மேல் வெயில் எங்கே படும்? அதைச் சொன்னதும் சிரித்ததும் நன்றாக நினைவிருக்கின்றன. அளவைச் சொன்னேனா என்பது மட்டும் நினைவுக்கு வரவில்லை.

2. தோளில் கிடந்த பிள்ளை

சில வாரங்கள் கழித்து ஒரு சனிக்கிழமை அவர் மறுபடி வந்தார். தோளில் மகள் பவித்ரா. நாலு வயது. கடைக்கு வந்தால் எடை பார்க்கும் தராசில் ஏறிக் குதிக்கிற பிள்ளை, அன்று கண்ணைத் திறக்காமல் கிடந்தாள்.

"வாந்திக்கு ஒரு மருந்து குடு தங்கச்சி. அப்படியே அந்தப் பவுடரும் எட்டு."

"எட்டு வாரத்துக்குக் குடுத்தோமேக்கா. அதுக்குள்ளயா?"

"அது அப்பவே தீந்துருச்சே. நடுவுல பஸ் ஸ்டாண்டு கடையிலயும் ஒருக்கா வாங்கினேன்."

"தினமுமா குடிச்சீக?"

"நான் எங்க குடிச்சேன்? ஒண்ணு குடிச்சேன். அப்புறம் இவ கேட்டா. மிட்டாய் மாதிரி இனிக்குல்ல, பால்ல போட்டா ஒரே மடக்குல குடிச்சிருதா. சோறு திங்க மாட்டேங்கா. எனக்கு எதுக்கு, பிள்ள ஒடம்புலயாவது சத்து ஒட்டட்டும்னு குடுத்தேன்."

"எத்தன நாளா வாந்தி?"

"நாலஞ்சு நாளா. வெளிக்கும் சரியாப் போகல. தண்ணி தண்ணின்னு குடிக்கா. சூடு பிடிச்சிருக்கும்."

வாந்தி, மலச்சிக்கல், தீராத தாகம், சோர்வு. வைட்டமின் டி அதிகமாகி ரத்தத்தில் கால்சியம் ஏறினால் வரும் குறிகள் என்று பரீட்சைக்கு வரிசையாக மனப்பாடம் செய்தவை. அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அந்த வரிசை அப்படியே பொருந்தியது. சின்னப் பிள்ளைக்கு ஒரு நாளைக்குச் சில நூறு யூனிட் போதும். ஏறிய கால்சியம் அந்தப் பிள்ளையின் சிறுநீரகத்தையும் கெடுத்திருக்குமோ என்று பயந்தேன்.

கடை முதலாளி அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னேன். "சீட்டுல வாரம்னுதான எழுதியிருக்கு. நாம சரியாத்தான குடுத்திருக்கோம். நீ எதுக்கும்மா பதறுத?" என்றார். பிறகு எட்டிப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். சீட்டு எழுதிய டாக்டருக்குப் போன் போட்டார். உடனே விருதுநகர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார் டாக்டர். அண்ணாச்சி தெரிந்த ஒருவரின் காரை வரவழைத்து, "கடைய நான் பாத்துக்கிடுதேன். நீ கூடப் போ. என்ன குடுத்தோம்னு வெவரமாச் சொல்ல ஆள் வேணும்ல" என்றார்.

விருதுநகர் போகும் வழியில் மாரீஸ்வரி அக்கா கேட்டார். "கீரையும் முட்டையும் நெறையத் தின்னு யாருக்காச்சும் இப்படி ஆயிருக்கா? அதுல இருக்கதுதான இதுலயும் இருக்கு?"

அவரிடம் திக்கித் திணறிச் சொன்னதை இங்கே ஒழுங்காக எழுதுகிறேன். மீனிலும் முட்டையிலும் வைட்டமின் டி கொஞ்சம்தான் இருக்கும். வேண்டாத அளவுக்கு அது உள்ளே போகும் முன்பே வயிறு நிறைந்துவிடும். வெயிலில் நின்றாலும் தோல் ஓர் அளவுக்கு மேல் அதைச் சேர விடாது. கேரட்டிலும் முருங்கைக் கீரையிலும் இருப்பதை உடம்பு தன் தேவையைப் பார்த்துத்தான் வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்கிறது. பவுடருக்கும் மாத்திரைக்கும் அப்படி ஒரு தடை இல்லை. கொடுத்ததைக் குடல் உறிஞ்சிக்கொள்ளும். பி, சி வைட்டமின்கள் என்றால் மிஞ்சியதில் பெரும்பகுதி சிறுநீரில் போய்விடும். டி கொழுப்பில் கரைவது. உடம்புக் கொழுப்பிலேயே தங்கிவிடும். பாலில் உள்ள கொழுப்பு அதை இன்னும் நன்றாக உள்ளே அனுப்பும்.

அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப நானே என் பிள்ளைக்கு வெசம் குடுத்திருக்கேன்" என்றார்.

கால்சியம் ஏறித்தான் இருந்தது. டிரிப்ஸ் போட்டார்கள். பாலையும் தயிரையும் நிறுத்தினார்கள். கால்சியம் மெதுவாக இறங்கி, ஒரு வாரத்துக்கு மேல் ஆனபின் வீட்டுக்கு அனுப்பினார்கள். கொழுப்பில் தங்கியது மாதக்கணக்கில் கசிந்துகொண்டிருக்கும் என்பதால் அவ்வப்போது ரத்தப் பரிசோதனை, சிறுநீரக ஸ்கேன். இதுவரை எல்லாம் சரியாக இருக்கிறது. பவித்ரா ஓடி ஆடுகிறாள். ஒவ்வொரு ரிப்போர்ட்டும் வரும்வரை எனக்குச் சோறு இறங்குவதில்லை.

3. இப்போது

வேலையில் சில மாற்றங்கள் செய்திருக்கிறேன். வார மருந்தை மொத்தமாகக் கொடுப்பதில்லை. சம்பளம் வாங்கி வரும்போது ஒன்று, அடுத்த சனிக்கிழமை ஒன்று. அண்ணாச்சியும் சம்மதித்துவிட்டார். எப்படிக் குடிக்க வேண்டும் என்று வாங்குபவரையே திருப்பிச் சொல்லச் சொல்கிறேன். "என்ன, பள்ளிக்கூடத்துல ஒப்பிக்கச் சொன்ன மாதிரி" என்று கேலி செய்கிறார்கள். செய்யட்டும். சாப்பாடு தவிர வேறு எதுவாக இருந்தாலும், சத்து என்று சொல்லிக் கொடுத்தாலும், அளவு உண்டு. நான் படித்த பாடம் இதுதான்.

ஆனால் என் பயம் இன்னொரு பக்கமும் வேலை செய்கிறது. என் பையனுக்கு டாக்டர் தினமும் கொடுக்கச் சொன்ன வைட்டமின் டி சொட்டு மருந்து இருக்கிறது. டிராப்பரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துப் பார்த்து, கடைசியில் மூடி வைத்துவிடுகிறேன். என் கணவர், "ஊருக்கெல்லாம் மருந்து குடுக்குத. ஒம் பிள்ளைக்குக் குடுக்க மாட்டேங்குத. டாக்டர் சொன்ன அளவுதான, குடு" என்கிறார். சரி என்றுதான் படுகிறது. மறுநாள் மறுபடி தயங்குகிறேன்.

மாரீஸ்வரி அக்காவின் பிரச்சினை என்னுடையதைவிடப் பெரிது. அவருக்குக் குறைவு இன்னும் தீரவில்லை. டாக்டர் அதே பவுடரை மறுபடி எழுதிவிட்டார். அவரோ தொட மாட்டேன் என்கிறார். போன சனிக்கிழமை கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் கடைப்படி ஏறினார். வலி மாத்திரை கேட்டார்.

"பவுடரு ஒண்ணே ஒண்ணுதான்க்கா. வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம். இங்கனயே என் முன்னால குடிச்சிட்டுப் போங்க."

"அதக் கண்ணுல காட்டாத தங்கச்சி. பட்டதெல்லாம் போதும்."

வெயிலில் கொஞ்ச நேரம் நிற்கச் சொன்னேன். முட்டை, மீன் சேர்க்கச் சொன்னேன். வேலை நாளில் வெயிலுக்கு எங்கே நேரம் என்கிறார். இவ்வளவு குறைந்த பிறகு சாப்பாட்டால் மட்டும் ஈடுகட்ட முடியாது என்று டாக்டரும் சொல்கிறார். வலி மாத்திரையை வாராவாரம் விழுங்கினால் அது வேறு கேடு.

மெடிக்கல் கடையில் இருப்பவர்கள், நர்ஸ் வேலை பார்ப்பவர்கள், பிள்ளை வளர்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள். இப்படிப் பயந்துபோன ஒருவருக்குத் தேவையான மருந்தை எப்படிக் குடிக்க வைப்பது? அதுவும், தன் பிள்ளையின் சொட்டு மருந்தையே மூடி வைத்துவிடுகிற என்னைப் போன்ற ஒருத்தி என்ன சொல்லிக் கொடுப்பது? சனிக்கிழமை சாயங்காலம் அவர் மறுபடி வருவார். அதற்குள் எழுதுங்கள்.