அவர் தமிழாக்கிய பொத்தான்

"அது எங்க இருக்கு? பொத்தான் மேலயா, திரையிலயா?" என்று கேட்டபடிதான் அவர் மாடிப்படி இறங்கி வருகிறார். காதுக்கும் தோளுக்கும் நடுவில் கைபேசி. ஒரு கையில் குப்பைப் பை. ஒரு கண்ணாடி நெற்றியில் ஏறியிருக்கிறது, இன்னொன்று கழுத்துச் சங்கிலியில் ஆடுகிறது. மறுமுனையில் இருப்பவர் ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு அவசரமாகத் தமிழ் கேட்டிருப்பார். "வெறும் வார்த்தைய மட்டும் குடுத்தா எப்படிங்க? யாரு, யார்கிட்ட, என்ன செஞ்சிட்டிருக்கும்போது சொல்றாங்க? அதச் சொல்லுங்க, மிச்சத்த நான் சொல்றேன்." பையைத் தொட்டியில் போட்ட பிறகும் பதில் வரும்வரை தொட்டிக்குப் பக்கத்திலேயே நிற்பார்.

எங்கள் மேல்வீட்டில் குடியிருக்கும் பெண்மணி. இயந்திரங்களின் திரைகளிலும் பொத்தான்களிலும் வரும் சொற்களைத் தமிழுக்குக் கொண்டுவருவது அவர் தொழில். பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற என் அண்ணன் அவருக்கு 'டிக்‌ஷனரி' என்று பெயர் வைத்தார். "பாப்பா, டிக்‌ஷனரி வருது, கதவத் திற" என்பார். பாப்பா என்பது நான். எனக்கும் தலை நரைத்துவிட்டது. உண்மையில் அவர் வீட்டில் அகராதிக்கு அவ்வளவு மரியாதை கிடையாது. இரண்டு தடித்த அகராதிகள் சாப்பாட்டு மேசைமேல் கணினியைத் தாங்கிக்கொண்டிருக்கின்றன. "அதுல ஒரு வார்த்தைக்குப் பத்து அர்த்தம் இருக்கும். என் வார்த்தை அதுல எதுன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

நிறுவனங்கள் அவருக்கு இயந்திரத்தை அனுப்புவதில்லை. கட்டம் போட்ட கோப்பு ஒன்று வரும். ஒரு கட்டத்தில் ஆங்கிலச் சொல், பக்கத்துக் கட்டம் காலி. படம்கூட இருக்காது. அவருக்கு முன்னால் யாரோ ஒருவர் துணி துவைக்கும் இயந்திரத்தில் 'ரன்' என்பதை 'ஓடு' என்று எழுதிவிட்டுப் போயிருந்தாராம். இதைக் கேட்டதும் அண்ணன், "பொத்தான அமுக்கிட்டு மிஷின் ஓடணுமா, நான் ஓடணுமா?" என்று சிரித்து இருமலில் போய் நின்றார்.

ஆகவே அவர் இயந்திரம் இருக்கும் இடத்துக்குத் தானே போய்விடுவார். எலக்ட்ரானிக் பூட்டுக்குச் சொல் வேண்டுமென்றால், பூட்டுக் கடையில் கூட்டம் குறையும்வரை நின்று, வருகிறவர்கள் பூட்டைப் பார்த்து என்ன சொல்கிறார்கள் என்று கேட்டுவிட்டு வருவார். கடைக்காரர் முதலில் சந்தேகப்பட்டார். இப்போது ஸ்டூல் எடுத்துப் போடுகிறார். லிஃப்டில் முன்பின் தெரியாதவரிடம், "இந்தப் பொத்தானுக்கு உங்க வீட்ல என்ன சொல்லுவீங்க?" என்று கேட்பார். அடுத்த மாடியிலேயே இறங்கிக்கொண்டவர்களும் உண்டு.

எங்கள் வீட்டுக்கும் அவர் அப்படித்தான் வந்தார். அண்ணனுக்கு உணவுக்குழாய் சுருங்கிப்போய், வயிற்றில் பொருத்திய குழாய் வழியாகத்தான் சாப்பாடு. மருத்துவமனையிலிருந்து ஒரு சிறிய பம்பைக் கொடுத்திருந்தார்கள். திரவ உணவை அது மெல்ல மெல்ல உள்ளே செலுத்தும். அதைப் படியேற்றிக் கொண்டுவரும்போதே அவர் பார்த்துவிட்டார். மறுநாள் காலை கதவைத் தட்டி, "உங்க வீட்டு மிஷினோட வார்த்தைங்க இப்ப என் மேசைல கிடக்கு. கொஞ்சம் பார்க்கலாமா?" என்றார். "மிஷினப் பார்க்கணும்னா என்னையும் சேர்த்துத்தான் பார்க்கணும்" என்றார் அண்ணன் கட்டிலிலிருந்து.

அவரைத் தடுக்கி விழவைத்த சொல் 'கிளியர்'. பம்பில் அது இரண்டு இடங்களில் வருகிறது. ஒன்று பொத்தான் மேல். அதை அழுத்தினால் அதுவரை எவ்வளவு உணவு உள்ளே போயிற்று என்ற கணக்கு அழிந்து, இயந்திரம் சாப்பாட்டை முதலிலிருந்து தொடங்கும். மற்றொன்று திரையில், குழாய் அடைத்துக்கொண்டால், அடைப்பை எடுக்கச் சொல்லி அலாரத்தோடு வரும். ஆங்கிலத்தில் ஒரே சொல் என்பதால் கோப்பில் ஒரே கட்டம்தான் இருந்தது. அதில் என்ன எழுதினாலும் இரண்டு இடத்திலும் அதுதான் போய் உட்காரும்.

நிறுவனத்தின் ஒருங்கிணைப்பாளர் தினமும் கூப்பிட்டார். ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு இவர் எங்கள் வீட்டிலேயே பேசுவார்.

"எல்லா மொழியும் வந்திருச்சு மேடம். உங்களோடது மட்டும்தான் நிக்குது. 'நீக்கு'ன்னு போட்டுடுங்களேன், ரெண்டுக்கும் பொருந்துதே!"

"பொருந்துது. நல்ல வார்த்தைதான். அதான் பயமா இருக்கு."

மதியத்துக்கு ஒரு நர்ஸ் வந்துபோவார். கண்டிப்பானவர், கைசுத்தம், மருத்துவமனையில் சொல்லிக் கொடுத்ததில் ஒரு நூல் பிசகமாட்டார். அவருக்குத் தெரியாமல் ஒரு நாள் அண்ணனும் டிக்‌ஷனரியும் கூட்டுச் சேர்ந்தார்கள். உணவுப் பையில் இரண்டு வேளை அளவுக்கு வெறும் தண்ணீரை நிரப்பினார்கள். பம்பின் குழாயை வயிற்றுக் குழாயிலிருந்து கழற்றி, ஒரு வேளைச் சாப்பாட்டின் அளவே கொள்ளும் குவளை ஒன்றில் விட்டு, மேலே துண்டைப் போட்டு மூடினார்கள். வெள்ளை டேப்பில் 'நீக்கு' என்று எழுதிப் பொத்தான் மேலும், திரையில் அந்தச் சொல் வரும் இடத்திலும் ஒட்டினார்கள். ஒரு வேளைத் தண்ணீர் கிட்டத்தட்ட இறங்கி முடியும் நேரம் நர்ஸ் வந்தார்.

"என்ன, தமிழ்ல மாத்திட்டாங்களா?"

"வெள்ளோட்டம்" என்றார் அண்ணன். போர்வைக்குள் குழாயை மடக்கிப் பிடித்தார். அலாரம் அடித்தது. நர்ஸ் திரையைப் பார்த்தார், 'நீக்கு' என்று படித்தார், அதே சொல் இருந்த பொத்தானை அழுத்தினார். கணக்கு பூஜ்யமாயிற்று. அண்ணன் கையை எடுத்ததும் பம்ப் மறுபடி முதலிலிருந்து இறைக்கத் தொடங்கியது.

"பாப்பா, இன்னிக்கு எனக்கு ரெண்டு சாப்பாடு!" என்று அண்ணன் துண்டை விலக்கினார். நிறைந்திருந்த குவளையின் விளிம்பிலிருந்து தண்ணீர் துளித் துளியாக மெத்தையில் சொட்டிக்கொண்டிருந்தது.

யாருக்கும் சிரிப்பு வரவில்லை. வயிறு கொள்ளாமல் போனால் உணவு மேலேறி நுரையீரலுக்குள் இறங்கிவிடும் என்று மருத்துவர் எங்களைப் பலமுறை எச்சரித்திருந்தார். நர்ஸுக்கு முகம் சிவந்துவிட்டது. "என்னை வெச்சுப் பரீட்சை பார்த்தீங்களா?"

"ஆமாம்மா. சொல்லியிருந்தா நீங்க யோசிச்சிருப்பீங்க. அலாரம் அடிக்கும்போது யாரு யோசிக்கிறாங்க? வார்த்தை கூட்டிட்டுப் போற இடத்துக்குத்தான் கை போகும்" என்று டிக்‌ஷனரி பம்பை நிறுத்தினார். அன்று நர்ஸுக்கு டீ போட்டுக் கொடுத்ததும் அவர்தான். நர்ஸ் அதை வாங்கிக் குடித்துவிட்டு, டம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கிளம்பினார்.

டிக்‌ஷனரி அங்கிருந்தே நிறுவனத்தைக் கூப்பிட்டார். கட்டத்தை இரண்டாகப் பிரித்தால் இரண்டு சொல் தருவேன், இல்லையென்றால் வேலையைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்றார். குரல் ஏறவே இல்லை. இங்கிலீஷ்ல வராத பிரச்சினையா மேடம் என்று மறுமுனை கேட்டது. "வந்திருக்கும். உங்களுக்கு யாரும் போன் பண்ணிச் சொல்லியிருக்க மாட்டாங்க" என்று வைத்துவிட்டார். அவருக்கு வரும் வேலையில் முக்கால்வாசி அந்த நிறுவனத்திடமிருந்துதான் வருகிறது என்பது எங்களுக்குத் தெரியும். மகள் கல்லூரியில் படிக்கிறாள், வேறு வருமானம் கிடையாது.

அதன் பிறகு கைபேசி அடிக்கவில்லை. அவர் மாடிப்படி ஜன்னல்களையெல்லாம் ஒவ்வொன்றாகத் துடைத்தார். எங்கள் வீட்டுத் திரைச்சீலைகளைக் கேட்காமலே கழற்றிக்கொண்டு போய் இஸ்திரி போட்டுவந்தார்.

"என்ன டிக்‌ஷனரி, வேலை போச்சா?"

"போகல அண்ணா. தூங்குது."

"எழுப்பிப் பாரேன்."

"எழுப்பினா 'நீக்கு'ன்னு சொல்லிடுவேனோன்னு பயமா இருக்கு."

அண்ணன் அதற்குப் பிறகு அவரைக் கிண்டல் செய்யவில்லை. ஒருநாள் என்னிடம் மட்டும், "நல்ல டிரைவர் பாப்பா. பிரேக்ல கால வெச்சுக்கிட்டே இருக்கா" என்றார்.

ஒருவழியாகக் கோப்பு திரும்பி வந்தது. அவர் கேட்டபடி கட்டம் இரண்டாகியிருந்தது. தமிழுக்கு மட்டும் அல்ல, எல்லா மொழிக்கும். ஆங்கிலத் திரையிலேயே சொல்லை மாற்றப்போகிறார்களாம். முடித்த வேலையைத் திரும்பச் செய்ய வேண்டிவந்த பிறமொழிக்காரர்கள் அவருக்கு முணுமுணுத்துச் செய்தி அனுப்பினார்கள். ஒருவர், உங்களுக்கு வேறு வேலையே இல்லையா என்று கேட்டிருந்தார். "இருந்துச்சு, நடுவுல கொஞ்ச நாள் இல்ல" என்று பதில் எழுதியதை அண்ணனுக்குப் படித்துக் காட்டினார். மதியம் நர்ஸ் வந்தபோது அவரிடமும் காட்டினார். நர்ஸ் அதை முழுவதும் படித்துவிட்டு, "அடுத்த தடவ என்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க, நான் யோசிக்காத மாதிரி நடிக்கிறேன்" என்றார்.

தமிழ்த் திரை வருவதற்குள் அண்ணன் போய்விட்டார். வந்தவர்கள் என்னிடம் ஏதேதோ சொன்னார்கள். டிக்‌ஷனரி நேராகச் சமையலறைக்குப் போய், குவிந்து கிடந்த பாத்திரங்களை எல்லாம் கழுவி, துடைத்து, எது எங்கே இருக்கும் என்று என்னைக் கேட்காமல் அதனதன் இடத்தில் வைத்துவிட்டுப் போனார்.

சில நாட்கள் கழித்து மருத்துவமனையிலிருந்து கூப்பிட்டார்கள். பம்பை வாங்கிப் போக ஆள் வரும், பழைய கணக்கை அழித்துப் பெட்டியில் போட்டு வைத்துவிடுங்கள் என்றார்கள். நான் அவரைக் கூப்பிட்டேன். கழுத்தில் தொங்கிய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். பம்பின் சுவிட்சைப் போட்டார். அண்ணன் பாதியில் விட்ட கடைசிச் சாப்பாட்டின் அளவு திரையில் வந்தது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இத அங்க போய் அவங்க பண்ணிக்கட்டும்" என்றார்.

மின்கம்பியைச் சுற்றி ஓரமாக வைத்தார். பம்பைத் தூக்கிப் பெட்டிக்குள் மல்லாக்க இறக்கினார். உள்ளிருக்கும் பேட்டரியில் திரை இன்னும் எரிந்துகொண்டிருந்தது. மூடியை ஒருமுறை தாழ்த்திப் பார்த்தார். அதன் உள்பக்கத்துப் பஞ்சு சரியாகக் கணக்கை அழிக்கும் அந்தப் பொத்தான் மேல்தான் வந்து அழுந்தும் போலிருந்தது. இடுப்பிலிருந்து கைக்குட்டையை எடுத்து, சிறு வளையமாக முறுக்கி, பொத்தான்மேல் எதுவும் படாதபடி அதைச் சுற்றி வைத்தார். பிறகுதான் மூடியைச் சாத்தினார்.