பாலாற்று மணலில் ஒரு மஞ்சள் பொட்டு

படூரில் எங்கள் குடியிருப்பின் லிஃப்ட் அருகே நேற்று காலை ஒரு சின்னச் சண்டை. மூன்றாம் மாடிக்காரர்கள் நெம்மேலிக் கடற்கரைக்குப் போய்வந்து செருப்பை அங்கேயே உதறியிருக்கிறார்கள். வெள்ளை டைல்ஸ் மேல் கறுப்பாக ஒரு கோடு. "கரிய கொண்டாந்து கொட்டிகீறாங்க பாரு" என்று கூட்டுகிற அம்மா சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். சமாதானம் சொல்லப் போன நான், வீட்டுக்குள் ஓடி ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த காந்தப் பொம்மையை எடுத்துவந்து அந்தக் கோட்டின் மேல் வைத்தேன். கருமணல் காந்தத்தில் ஒட்டி, பொம்மைக்கு மீசை முளைத்தது. சண்டை நின்றுவிட்டது; எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

கருமணலைக் கண்டால் இந்த வயதிலும் எனக்குக் கை சும்மா இருக்காது. கையாவது பரவாயில்லை. வாய்தான் ஒருமுறை ஒரு மனிதரைக் கிட்டத்தட்டக் கொன்றுவிட்டது.

நிலவியல் படித்து முடித்து முதல் வேலைக்குப் போயிருந்த சமயம். தற்காலிக வேலைதான். செய்யூர் பக்கம், பாலாறு கடலில் சேரும் இடத்தை ஒட்டிய தென்கரையில், மணலில் என்னென்ன கனிமம் இருக்கிறது என்று அள்ளி அலசிப் பார்க்க வேண்டும். எனக்கு ஒரு பழைய ஜீப்பும், அதை ஓட்ட ரஹீம் பாயும். ஜீப் ஓடுவதைவிட பாயின் பேச்சு நன்றாக ஓடும், நிற்கவே நிற்காது.

அலசுவதற்குத் தண்ணீர் தந்தது தேவகி அக்கா. ஆற்றங்கரையில் அவர்களுக்கு வேர்க்கடலைக் கொல்லை. மோட்டார் போடும்போதெல்லாம் என்னைக் கூப்பிடுவார். அவித்த கடலையும் வரும். நான் அகலமான இரும்புத் தட்டில் மண்ணைப் போட்டுச் சுழற்றுவதைப் பார்த்து, "இன்னா கண்ணு, அரிசி அரிக்கிறியா?" என்று கேட்டார். அதைவிடத் தெளிவாக என் பேராசிரியர் சொன்னதில்லை. அரிசியில் கல் அரிப்பது போலத்தான் ஆறும் செய்கிறது. லேசான மணலைத் தள்ளிக்கொண்டு போய்விடும். கனமானது திருப்பங்களிலும் பாறை இடுக்குகளிலும் அடியில் தங்கிவிடும். கடற்கரையில் அலை அதையே மறுபடி அரிக்கிறது. அதனால்தான் கறுப்பு மணல் தனியாகக் கோடு கட்டி நிற்கிறது.

ஒருநாள் பகல், தட்டின் அடியில் கறுப்புக்கு நடுவே மஞ்சளாகச் சில பொட்டுகள் மின்னின. பாலாறு எங்கிருந்து வருகிறது? நந்தி மலையில் பிறந்து கோலார்ப் பக்கமாக. அங்கே தங்கம். என் மண்டைக்குள் மளமளவென்று கணக்கு ஓடியது. "பாய், தங்கம்!" என்று கத்தினேன். படித்த படிப்பெல்லாம் அந்த ஒரு கூச்சலில் போயிற்று.

"யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்றேன். "ச்சே, நான் இன்னாத்துக்குமா சொல்றேன்?" என்றார். டீக்கடையில் ஒரே ஒருவரிடம்தான் சொன்னாராம்.

மறுநாள் காலை அறையில் உட்கார்ந்து அந்தப் பொட்டுகளை ஊசியால் அழுத்திப் பார்த்தேன். தங்கமென்றால் நசுங்கித் தட்டையாக வேண்டும். இவை ஏடு ஏடாக உதிர்ந்தன. காக்காப்பொன்! சின்ன வயதில் எல்லோரும் பொறுக்கி விளையாடுகிற அதே காக்காப்பொன். ஒன்றே ஒன்று மட்டும் உதிரவில்லை. ஊசிமுனை பதிந்து, நசுங்கி, அப்படியே இருந்தது. கடுகில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதை ஒரு ஒட்டுத்தாளில் ஒட்டிப் பையில் வைத்துக்கொண்டு, சொல்லித் தலைகுனிவதற்காகக் கொல்லைக்குப் போனேன்.

அங்கே திருவிழா. மண்வெட்டி, அன்னக்கூடை, சல்லடை. தேவகி அக்காவின் கணவர் மணி அண்ணன் எல்லோரையும் முந்திக்கொண்டு ஆளுயரத்துக்குக் குழி பறித்து உள்ளே நின்றார். சுற்றிலும் வெறும் ஆற்றுமணல், பிடிமானமே இல்லை.

"அண்ணா, அது காக்காப்பொன். மேல வாங்க."

"இன்னாமா, நேத்து தங்கம்னு கத்தின? இன்னிக்கு காக்காவா?" என்று உள்ளிருந்தே சிரித்தார்.

"கவர்மெண்டுல இருந்து சொல்லிட்டாங்கோ போல. மறைக்குது பொண்ணு" என்றார் கரையில் நின்ற ஒருவர். எட்டிப் பார்க்க நாலைந்து பேர் விளிம்புக்கு வந்தார்கள். சத்தமே இல்லாமல் ஒரு பக்கச் சுவர் வழிந்தது. மணி அண்ணன் கழுத்து வரை மணலில் நின்றார். சிரிப்பு முகத்திலேயே நின்றிருந்தது.

எல்லோரும் குழியை நோக்கி ஓடினார்கள். "கிட்ட வராதீங்க, அடுத்த பக்கமும் வுழும்!" என்று கத்தினேன். முந்தைய நாள் கத்தியதற்கு இது பிராயச்சித்தம். பாய் ஜீப்பின் பின்பலகையைக் கழற்றிக்கொண்டு வந்து சரிந்த பக்கத்தில் முட்டுக் கொடுத்தார். அக்கா குப்புறப் படுத்து என் தட்டால் வாய்ப்பக்கத்து மணலை வாரி எடுத்தார். "மூச்சு வுடுய்யா, பேசாத, மூச்சு மட்டும் வுடு" என்று திட்டுகிற குரலிலேயே சொல்லிக்கொண்டிருந்தார். மார்பு விடுபட்டது, அக்குளில் கயிறு கட்டினோம், பத்துப் பேர் தூர நின்று இழுத்தார்கள். மேலே வந்து விழுந்தவர் நெடுநேரம் இருமிவிட்டு, "மோட்டார நிறுத்துனியா, தண்ணி வேஸ்டா போவுது" என்றார். அக்கா அவர் முதுகில் ஓங்கி ஒன்று வைத்துவிட்டு, அதற்கப்புறம்தான் அழுதார். நான் அதற்கு முன்பே தொடங்கியிருந்தேன்.

அன்று சாயங்காலம் அந்த ஒட்டுத்தாளை அக்காவிடம் காட்டி உண்மையைச் சொன்னேன். இது நிஜம், ஆனால் இது ஒன்றுதான்.

"இத ரிப்போர்ட்டுல எழுதுனா இன்னா ஆவும்?"

"எழுதத்தான் செய்யணும் அக்கா. ஆனா நிறைய இடத்துல அலசிப் பாக்கணும். வேற கெடைக்கலன்னா, தோண்ட லாயக்கில்லன்னும் எழுதுவேன்."

மாணவியாகக் கோலாருக்குப் போயிருந்தேன். அங்கேயும் முதலில் மேல்மண்ணை அலசித்தான் பார்த்தார்களாம். பிறகு பாறையைத் தொடர்ந்து பூமிக்குள் இறங்கினார்கள். நான் போனபோது மிச்சமிருந்தது, மலை மலையாகச் சாம்பல் நிறக் கழிவு மேடுகள். காற்றடித்தால் ஊர் முழுவதும் தூசி. அது இந்தக் கடலைக் கொல்லைக்கு வந்துவிடுமோ என்று மூன்று வாரம் பயந்துகொண்டே அலசினேன். தட்டுத் தட்டாகக் கருமணலும் காக்காப்பொன்னும்தான். ஒவ்வொரு தட்டும் வெறுமையாக இருக்கும்போது சந்தோஷப்பட்ட நிலவியல்காரி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். சேதியைச் சொன்னபோது அக்கா, "அப்பாடா, இனிமே எங்கூட்டு ஆளு ஒயுங்கா கொல்லைக்கு தண்ணி கட்டும்" என்றார்.

அந்த ஒட்டுத்தாள் எத்தனையோ வீடு மாறியதில் எங்கோ போய்விட்டது. ரஹீம் பாயும் போய்விட்டார். போன தை மாதம் அந்தப் பக்கம் போனேன். வெள்ளம் வந்து கரையே இடம் மாறியிருக்கிறது. பாதிக் கொல்லை சவுக்குத்தோப்பு. குழி எங்கே இருந்தது என்று கேட்டேன். மணி அண்ணனுக்கு இப்போது தலை முழுக்க நரை. மரங்களுக்கிடையே நடந்து, "இங்கதான்" என்றார். பத்தடி தள்ளிப் போய், "இல்ல, இங்க" என்றார். "அட, அந்தாண்ட" என்றார் அக்கா. ரெண்டு பேரும் அரைமணி நேரம் சண்டை போட்டுக்கொண்டே தேடினார்கள். கடைசிவரை அவர்களுக்கு அந்த இடம் தெரியவில்லை.