நான்கு தக்பீர் நேரம்

முதன்முதலாக அது வந்தது ஒரு வெள்ளிக்கிழமை மதியம், தாம்பரத்தில் எங்கள் பள்ளிவாசலில், கூட்டுத் தொழுகையின் நடுவில். தோளோடு தோள் ஒட்டி வரிசையில் நின்றிருந்தேன். திடீரென்று மூச்சு அடைத்தது, கை மரத்துப்போனது, இதோ சாகப்போகிறேன் என்று நினைத்தேன். தொழுகிறவர்களின் குறுக்கே ஓடி, யாருடைய செருப்பையோ மாட்டிக்கொண்டு ரோட்டுக்கு வந்து நின்றேன். அங்கே வெயிலில் கொஞ்ச நேரத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. அதுதான் இன்னும் அவமானமாக இருந்தது.

இ.சி.ஜி., எக்கோ (இதயத்தை ஒலி அலையால் படமெடுக்கும் சோதனை) எல்லாம் எடுத்தார்கள். இதயத்தில் ஒரு குறையும் இல்லை. எனக்கு இருந்தது பேனிக் டிஸார்டர் (ஆபத்து ஏதும் இல்லாதபோதே உடல் அபாயச் சங்கு ஊதிவிடும் நோய்).

"கூட்டத்துக்குப் போகாதீங்க பாய். வீட்லயே தொழுங்க, சாமி ஏத்துக்க மாட்டாரா என்ன?" என்றார் டாக்டர். நல்ல மனசோடுதான் சொன்னார். மாத்திரையும், குரோம்பேட்டையில் ஒரு மனநல ஆலோசகரின் முகவரியும் கொடுத்தார்.

இரண்டாயிரங்களின் தொடக்கம் அது. மனசுக்கு வைத்தியம் என்றால் ஒரு மாதிரி பார்ப்பார்கள். எனக்கு எலெக்ட்ரிகல் கடை. சரக்கு எடுக்கப் போவதாக வீட்டில் புளுகிவிட்டு மின்சார ரயில் ஏறினேன்.

ஆலோசகர் பெயர் ஜெசிந்தா. மருந்துக்கடைக்கு மேலே மாடியறை. ஒவ்வொரு ரயிலுக்கும் ஜன்னல் அதிரும். அவர் கழுத்தில் சிலுவை. நம் கதை இவருக்கு என்ன புரியப்போகிறது என்று நினைத்தபடிதான் உட்கார்ந்தேன்.

"உங்களை எப்படிக் கூப்பிடணும்?" என்று கேட்டார். ஊரே என்னை பாய் என்றுதான் கூப்பிடும்; பெயரைக் கேட்டவர்கள் குறைவு. சாதிக் என்றேன். கடைசிவரை சாதிக் சார்தான்.

அடுத்து எப்போது வருகிறீர்கள் என்றார். வெள்ளிக்கிழமை மதியம் ஒரு மணி என்றேன். எழுதப்போன பேனா நின்றது.

"அது உங்க தொழுகை நேரம் இல்லையா சார்?"

கையும் களவுமாகப் பிடிபட்டு முழித்தேன். பள்ளிவாசலுக்குப் போகாமலிருக்க ஒரு சாக்கு கிடைத்த சந்தோஷத்தில் அல்லவா இருந்தேன்!

"அந்த நேரம்தான் வேணும்னா தர்றேன். எதுக்குன்னு மட்டும் சொல்லுங்க."

அப்போதுதான் உண்மை வெளியே வந்தது. அத்தா நுரையீரல் கெட்டுப் படுக்கையில் இருந்தார். அவர் போய்விட்டால், ஜனாஸா தொழுகையில் (அடக்கத்துக்கு முன், உடலை முன்னால் வைத்துத் தொழுவது) மூத்த மகன் நான் முன்வரிசையில் நிற்க வேண்டும். அங்கிருந்தும் ஓடிவிட்டால்? சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

வேறு யாராவது இருந்தால் அத்தாவிடம் மனம்விட்டுப் பேசுங்கள் என்றிருப்பார்கள். இவர், "இதை அவர்கிட்ட பேசறதெல்லாம் உங்க வீட்ல நடக்குமா?" என்று கேட்டார். நடக்காது என்றேன். "அப்ப பேச வேணாம். வேற எப்படி அவர் பக்கத்துல இருப்பீங்க?" வெள்ளிக்கிழமை காலையில் நகம் வெட்டிவிடுவேன் என்றேன். "அதைச் செய்யுங்க, மெதுவா."

பிறகு, "ஜனாஸா தொழுகை எனக்குத் தெரியாது. காட்டறீங்களா?" என்றார். எழுந்து நின்று காட்டினேன். குனிவது கிடையாது, தரையில் நெற்றி வைப்பது கிடையாது. நின்றபடியே நான்கு தக்பீர் (இறைவனே பெரியவன் என்று சொல்வது), இடையில் பிரார்த்தனைகள், கடைசியில் முகத்தைத் திருப்பி ஸலாம் சொல்லி முடிப்பது. முடித்தபோது அடுத்த ரயில்கூட வந்திருக்கவில்லை. "இவ்வளவுதானா?" என்று கேட்டது நான்தான். அவர் சிரித்தார்.

இந்த முறைக்கு ஆள்மைய ஆலோசனை (நோயை அல்ல, வந்த ஆளை நடுவில் வைத்துப் பேசுவது) என்று பெயர் என்பது பிறகுதான் தெரிந்தது. கடைசி வரிசையில், வாசலை ஒட்டித் தொடங்கலாம் என்று நானே சொன்னேன். பக்கத்தில் யார் நின்றால் நல்லது என்று கேட்டார். கண்ணாடிக் கடை காசிம், என் சிநேகிதன்.

காசிமிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "இன்னா மச்சான் பேஜாரு உனக்கு? நான் பக்கத்துல கீறேன்ல. ஓடணும்னா ரெண்டு பேரும் சேர்ந்தே ஓடலாம். ஆனா மறுபடி என் செருப்ப போட்டுகினு ஓடாத," என்றான்.

இரண்டு மூன்று வாரம் பாதியில் வெளியே வந்தேன். படியில் நின்று மூச்சு வாங்கிவிட்டு உள்ளே போனேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மாதங்கள் போகப் போக ஒவ்வொரு வரிசையாக நகர்ந்தேன். குரோம்பேட்டையில் இன்று அந்தக் கட்டடமே இல்லை. ஜெசிந்தா மேடம் எந்த ஊரில் இருக்கிறாரோ! ரயில் அந்த இடத்தைக் கடக்கும்போது கண் இன்னும் அந்த ஜன்னலைத் தேடுகிறது. இதே நோயோடு இதைப் படிக்கிறவர்களுக்கும் அப்படி ஒரு அறை கிடைக்க வேண்டும்.

ஒரு வெள்ளிக்கிழமை அத்தாவின் சுண்டுவிரல் நகத்தை வெட்டிக்கொண்டிருந்தேன். கண்ணைத் திறக்காமலே கேட்டார்:

"இன்னிக்கு எந்த வரிசைடா?"

காசிம் எப்போதோ உளறியிருக்கிறான். "மூணாவது, அத்தா."

"ம்ம். முன்னாடி வந்துகினு கீற," என்றார். கையை இழுத்துக்கொள்ளவில்லை.

மழைக்காலம் முடியும்போது அத்தா போய்விட்டார். முன்வரிசையில் நின்றேன், பக்கத்தில் காசிம். முதல் தக்பீரிலேயே நெஞ்சு படபடத்தது, கை மரத்தது. வந்தால் வரட்டும் என்று விட்டுவிட்டேன். அதுவும் என்னோடு நின்றது. இரண்டாவது. மூன்றாவது. இமாம் நான்காவதற்குக் குரல் எடுத்தபோது, அதற்குள்ளா என்று மனசு பதறியது. முடியவே முடியாது என்று நான் அவ்வளவு பயந்த நிமிடங்கள் அவை. இன்னும் கொஞ்சம் நீளக்கூடாதா என்று நின்றுகொண்டிருந்தேன்.