மஞ்சள் குடித்த வண்டி

எங்கள் வீட்டில் மஞ்சள்பொடி அதிகம் செலவானது குழம்புக்கு அல்ல, வண்டிக்கு. இதைச் சொன்னால் இப்போது யாரும் நம்புவதில்லை. அப்பாவிடம் ஒரு பழைய பிக்கப் வண்டி இருந்தது. சண்டைக் காலத்தில் பட்டாளத்தில் ஓடி, பிறகு ஏலத்தில் கைமாறி, மூன்றாவதோ நான்காவதோ ஆளாக அப்பாவிடம் வந்து சேர்ந்தது. நீலப் பெயின்ட் உரிந்த இடத்திலெல்லாம் பட்டாளத்துப் பச்சை எட்டிப் பார்க்கும். ஒட்டன்சத்திரம் பக்கத்துக் கிராமங்களில் கத்தரிக்காயும் தக்காளியும் ஏற்றி வந்து திண்டுக்கல் மார்க்கெட்டில் இறக்குவது அதன் பிழைப்பு. எங்கள் பிழைப்பும் அதுதான்.

எஞ்சின் சூடேறாமல் இருக்கத் தண்ணீர் ஊற்றி வைக்கிற ரேடியேட்டர் அந்த வண்டியில் ஒழுகும். திண்டுக்கல்லில் அந்த நாளில் மனிதர்களே ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு நாய்படாத பாடு பட்டுக்கொண்டிருந்தார்கள். "நாம மூணு பேரு குடிக்கிற தண்ணிய இது ஒண்ணே குடிச்சிருது" என்று அம்மா வண்டியைப் பார்த்துத் திட்டுவாள். ஒழுகலுக்கு வண்டிக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த கைவைத்தியம் ஒன்று உண்டு. கொஞ்சம் மஞ்சள்பொடியை உள்ளே போட்டால் அது தண்ணீரில் ஊறி, ஓட்டையில் போய் அடைத்துக்கொள்ளும். இரண்டு மூன்று நாளைக்குத் தாங்கும். அப்புறம் மறுபடியும் போட வேண்டும்.

அந்த வைத்தியம் என் கையால்தான் நடக்கும். "தாயி, மஞ்சப்பொடி கொண்டா" என்று அப்பா குரல் கொடுத்ததும் அடுப்படியிலிருந்து தகர டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன். முன் பம்பரில் ஏறி நின்று ரேடியேட்டரின் வாயில் ஒரு பிடி போடுவேன். ஏழு வயதுப் பிள்ளையின் பிடி சரியான அளவு என்பதால்தான் என்னைக் கூப்பிட்டாரோ என்னவோ, அப்பா அதைச் சொன்னதில்லை. "எம்மக கை ராசியான கை. அவ போட்டா ஒட்டன்சத்திரம் போய்த் திரும்புற வரைக்கும் ஒரு சொட்டு ஒழுகாது" என்று தெருவில் போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். நான் அதை அப்படியே நம்பினேன். உள்ளங்கையில் மஞ்சள் போகவே போகாது. பள்ளிக்கூடத்தில் கல்யாணப்பொண்ணு என்று கேலி செய்வார்கள். எனக்கு அதிலும் பெருமைதான்.

அந்த வருஷம் அம்மா மாசமாக இருந்தாள். எனக்குப் பிறகு இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. இந்தத் தடவை மதுரைக்குக் கொண்டுபோய்ப் பெரிய ஆஸ்பத்திரியில்தான் பிரசவம் பார்க்க வேண்டும், வலி கண்டதும் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கக் கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அப்பாவுக்கு அந்த ரேடியேட்டரைப் பார்த்தாலே பயம்.

அம்மாவின் தம்பி, என் மாமா, மதுரையில் மில் வேலை பார்த்தார். அக்காவுக்குத் துணையாக லீவு போட்டு வந்திருந்தார். "டாக்ஸி சொல்லி வச்சுக்கிருவோம் மச்சான். இந்த ஓட்டை வண்டிய நம்ப வேணாம்" என்றார். சொந்த வண்டி வாசலில் நிற்க டாக்ஸியா என்று அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "வேற ரேடியேட்டர் போட்டுட்டா இது ஓட்டை வண்டி இல்ல மாப்ளே" என்று சொல்லிவிட்டு, மதுரைக்குப் போய், உடைத்துப் போட்ட இதே ஜாதி வண்டி ஒன்றிலிருந்து ரேடியேட்டரைத் தேடி வாங்கிவந்தார். மாமா அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "பழசக் குடுத்துட்டுப் பழசா?" என்றார்.

பேகம்பூரில் எங்களுக்குப் பழக்கமான மெக்கானிக் ஒருவர் இருந்தார். எல்லோருக்கும் அவர் பாய்தான். அவர் முதலில் அதன் வாய்களையெல்லாம் கட்டையால் அடைத்து, காற்றை ஏற்றி, தண்ணீர்த் தொட்டியில் முக்கிப் பிடித்தார். கொப்புளம் வந்தால் ஓட்டை என்று அர்த்தம். நாங்கள் எல்லோரும் தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றோம். "ஒண்ணுகூட வரலண்ணே. பழசா இருந்தாலும் நல்ல பித்தளை" என்றார் பாய்.

மாட்டுவதற்கு ஒரு பகல் முழுக்க ஆனது. பழையதைக் கழற்றி இறக்கியபோது அதன் அடிப்பாகம் முழுக்க என் மஞ்சள்தான் காய்ந்து படிந்திருந்தது. புதியதன் போல்ட் துளைகள் ஒரு விரற்கடை தள்ளி இருந்தன. பாய் இரும்புப் பட்டை வெட்டி, துளை போட்டு, அதை வைத்து இணைத்தார். வண்டியின் ஆட்டத்தில் அடிபடாமல் இருக்கக் கீழே பழைய டயர்த் துண்டை மெத்தையாகப் போட்டார். ரப்பர் குழாய்கள் இரண்டையும் புதிதாக மாட்டி முடுக்கினார். ஃபேன் இறக்கை உரசுகிறதா என்று கையால் நான்கு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். நல்ல தண்ணீர் நிரப்பி, அரைமணி நேரம் எஞ்சினை ஓடவிட்டு, கீழே காகிதத்தை விரித்துப் பார்த்தார். காகிதம் நனையவில்லை. "இனிமே மஞ்சளும் வேணாம் கிஞ்சளும் வேணாம்" என்று சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். என் வேலை போனதை யாரும் கவனிக்கவில்லை.

சாயங்காலம் வண்டி வாசலில் நின்றது. சூடம் காட்டி, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள். மஞ்சளை மட்டும் யாரும் கேட்கவில்லை. அப்போதுதான் நான் கணக்குப் போட்டேன். ஒட்டன்சத்திரம் போய்வர ஒரு பிடி. மதுரை அதைவிடத் தூரம். அதுவும் அம்மா போகிறாள், தம்பிப்பாப்பா வரப்போகிறான். அப்பாவும் மாமாவும் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அடுப்படி டப்பாவைத் தூக்கிக்கொண்டு போய்ப் பம்பரில் ஏறினேன். புது வருஷத்துக்கென்று அரைத்து வைத்திருந்த டப்பா அது, கழுத்துவரை நிறைந்திருந்தது. அவ்வளவையும் போட்டேன். மேலே அடைத்துக்கொண்டதை ஈர்க்குச்சியால் குத்திக் குத்தி உள்ளே அனுப்பினேன். வண்டி வயிறு நிறையக் குடித்துவிட்டது என்று எனக்குத் திருப்தியாக இருந்தது.

டாக்டரம்மா சொன்ன நாளுக்குப் பத்து நாள் முன்பாகவே, மறுநாள் விடியும்போது அம்மாவுக்கு வலி கண்டுவிட்டது. நேற்று நிரப்பிய தண்ணீர்தானே என்று அப்பா மூடியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. வீட்டில் விட ஆளில்லாததால் என்னையும் ஏற்றிக்கொண்டார்கள்.

சின்னாளபட்டி தாண்டுவதற்குள் வண்டி கொதித்தது. அப்பா சாக்கைச் சுற்றி மூடியைத் திருகினார். பொங்கி வந்த தண்ணீர் செம்மண் நிறத்தில் இருந்தது. "துரு மச்சான். நான் சொன்னேன்ல" என்றார் மாமா. அந்த வண்டியில் மஞ்சள் வாசனை வருவது யாருக்கும் புதிதில்லை. தண்ணீர் ஊற்றி, கொஞ்ச தூரம் ஓட்டி, நின்று, மறுபடி ஊற்றி ஓட்டினார். கொடைரோடு தாண்டியதும் எஞ்சின் ஒரேயடியாக நின்றுவிட்டது.

அம்மாவைப் புளியமரத்தடியில் சாக்கு விரித்துப் படுக்க வைத்தார்கள். அவள் சத்தம் போடவில்லை. மண்ணை அள்ளி அள்ளிக் கைக்குள் இறுக்கிக்கொண்டிருந்தாள். மாமா நடு ரோட்டில் நின்று துண்டை வீசினார். வெயில் ஏறிக்கொண்டே போனது. வெகுநேரம் கழித்து வாழைத்தார் லாரி ஒன்று நின்றது. டிரைவர் பக்கத்தில் இரண்டு பேருக்குத்தான் இடம். மதுரையில் வழி தெரிந்தவர் என்று அம்மாவோடு மாமா ஏறிக்கொண்டார். "நீங்க போங்க, நான் பின்னாலயே வாரேன்" என்றார் அப்பா. லாரி மறையும் வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு வண்டிக்கு அடியில் படுத்து ரேடியேட்டரின் அடித்திருகைத் திறந்தார். தண்ணீர் வரவில்லை. கம்பியால் குத்தினார். களி மாதிரி மஞ்சள் விழுந்தது. அதை விரலில் எடுத்து முகர்ந்து பார்த்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நான்தாம்ப்பா போட்டேன். டப்பா பூரா. மதுரை தூரமில்ல?" என்றேன். கை ராசியான கை என்று சொல்வார் என எதிர்பார்த்தேன்.

அப்பா கையிலிருந்த கம்பியைக் கீழே போட்டார். அப்படியே புழுதியில் உட்கார்ந்துவிட்டார். செத்த நேரம் கழித்து எழுந்து, விழுந்த மஞ்சளின் மேல் காலால் மண்ணைத் தள்ளி மூடினார். தகர டின்னில் மிச்சமிருந்த தண்ணீரை எடுத்துவந்து, "கையக் காட்டு" என்றார். வண்டிக்கென்று வைத்திருந்த தண்ணீர் அது. அதை என் கையில் ஊற்றி, மணலைப் போட்டுத் தேய்த்தார். எரிந்தது. தம்பிப்பாப்பாவைத் தூக்கப்போகிற கை சுத்தமாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் என்று நினைத்து நான் பொறுத்துக்கொண்டேன்.

பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மாமா வாசலில் நின்றிருந்தார். அம்மா பிழைத்துக்கொண்டாள். தம்பிதான். முழுசாக, தலை நிறைய முடியோடு இருந்தானாம். அழவில்லையாம். ஒரு மணி நேரம் முந்தி வந்திருக்கலாமே என்று டாக்டர் கேட்டாராம். மாமா அப்பாவின் சட்டையைப் பிடித்துவிட்டார். "குப்பையில கெடந்ததக் கொண்டாந்து மாட்டி எங்க அக்கா பிள்ளையக் கொன்னுட்டீகளே!"

"ஆமா மாப்ளே" என்றார் அப்பா. "உள்ள அடைப்பு இருந்திருக்கு. பாய் மேல தப்பில்ல. நாந்தான் பாத்து வாங்கல."

அதன் பிறகு மாமா எங்கள் வீட்டுப் படியேறவில்லை. அம்மாவுக்கு மறுபடி பிள்ளை உண்டாகவில்லை. அப்பா சாகும்வரை, ஏதாவது கோபம் வந்தால், "பழச வாங்கிப் போட்ட மனுசன்தானே" என்று அவள் ஒரு வார்த்தை சொல்வாள். அப்பா தலையைக் குனிந்துகொள்வார். அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் முன்பே அடுப்படியில் அந்தத் தகர டப்பாவை அவர் கழுத்துவரை நிரப்பி வைத்துவிட்டார் என்பதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அதற்குக் காரணம் விளங்கியபோது எனக்கே கல்யாண வயதாகியிருந்தது. விளங்கிய பிறகும் அம்மாவிடம் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை.

அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் எனக்கு ஒரே குழப்பமாக இருந்தது. அப்பா தப்பாகச் சொல்கிறாரே, உள்ளே இருந்தது நான் போட்ட மஞ்சள்தானே என்று மாமாவிடம் சொல்ல வாயெடுத்தேன். அப்பா என் கையைப் பிடித்திருந்தவர், விரல் நொறுங்குகிற மாதிரி இறுக்கினார். மதுரைக் கூட்டத்தில் நான் எங்கேயாவது தொலைந்துபோய்விடக் கூடாதே என்றுதான் அப்படிப் பிடிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.